சாம்பல் வந்தால் சரி

எங்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் படிப்பதற்கென்று யாரும் கிடையாது. சரிபார்ப்பதற்கு மட்டும் ஒரு மாடி முழுக்க ஆள் இருக்கிறது. ஆய்வேட்டு வடிவமைப்புச் சரிபார்ப்புப் பிரிவு என்று பெயர். அந்த மாடியில் கம்ப்யூட்டருக்கு வியர்க்கக் கூடாதென்று குளிரூட்டியைப் போட்டுவைத்திருப்பார்கள். ஊழியர்கள் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெளியே வராந்தாவில் கைபிடி உடைந்த நாற்காலிகளில் நாங்கள் புழுங்கிக்கொண்டிருப்போம். என் ஆயுளில் ஒரு நல்ல பகுதி அந்த வராந்தாவில்தான் போனது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் ஒரு கல்லூரியில் சமூகவியல் தற்காலிக விரிவுரையாளர். கல்வியாண்டு முடிவதற்குள் முனைவர் பட்டம் வாங்கினால் வேலை நிரந்தரம். வாங்காவிட்டால் அந்த இடம் முதல்வரின் மச்சினிக்கு. முதல்வர் இதை மறைக்கக்கூட இல்லை. மச்சினி இரண்டு தடவை வந்து என் மேசையை அளந்து பார்த்துவிட்டுப் போனாள்.

என் ஆய்வு நகரப் பேருந்துகளில் நடக்கும் ஜேப்படியைப் பற்றியது. சிரிக்க வேண்டாம். அதுவும் ஒரு தொழில்தான். பயிற்சி உண்டு, எல்லை உண்டு, ஓய்வுபெறும் வயதுகூட உண்டு. வருடக்கணக்காக நெரிசலில் தொங்கி, அடிபட்டு, மிதிபட்டு, அந்தத் தொழிலில் இருப்பவர்களைப் பேசவைத்தேன். அவர்களில் மூத்தவரை எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாளே என் பர்ஸை எடுத்துவிட்டு, நான் இறங்கும் நிறுத்தத்தில் புன்சிரிப்போடு திருப்பிக் கொடுத்தவர் அவர். மனம்விட்டுப் பேசினார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“பேரு மட்டும் வெளிய வரக் கூடாதும்மா. எம் பொண்ணு நர்ஸ் வேலை பாக்குறா. அவளப் பொறுத்தவரைக்கும் நான் டிக்கெட் பரிசோதகர்.”

சத்தியம் செய்து கொடுத்தேன். அவர் சொன்னதால் மற்றவர்களும் பேசினார்கள். பிளேடு, கண்ணாடி அக்கா, மூணாம் நம்பர் என்று எல்லாமே பட்டப்பெயர்கள். அவர்களின் வாய்மொழியை அப்படியே எடுத்து ஆய்வேட்டில் வைத்தேன். ஒவ்வொரு பேச்சுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறியில் பட்டப்பெயரும் ஆண்டும். கடைசியில் துணைநூற்பட்டியல். எல்லாவற்றையும் கையால் தட்டச்சு செய்து, கால்புள்ளி அரைப்புள்ளி பார்த்து, கண் பூத்துப்போய்ப் பிரிவில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வராந்தாவில் அவருக்குச் சாம்பல்காரர் என்று பெயர். சொற்செயலியில் மேற்கோளைக் கையால் தட்டச்சு செய்யாமல், அதற்கென்று இருக்கும் பொத்தானை அழுத்திச் செருகினால், பிற்பாடு அதன்மேல் சொடுக்கும்போது சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வரும். கையால் அடித்தால் வராது. சாம்பல்காரரின் உத்தியோகம் ஒவ்வொரு மேற்கோளாகச் சொடுக்கிச் சாம்பல் வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் “வருது” என்பார். வராவிட்டால் “வரல” என்பார். இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு அவர் இரண்டு பதவி உயர்வு வாங்கியிருந்தார்.

என் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பொறுமையாகச் சொடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் வரல, வரல என்று சொல்லிக்கொண்டே போனார். முதலாவது வராதபோதே மற்றவையும் வராது என்று தெரிந்திருக்கும். ஆனாலும் கடமை தவறவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டீர்களா என்று கேட்டேன். அது நெறியாளர் வேலை என்றார். என் நெறியாளரோ, படிப்பது தேர்வாளர் வேலை என்று முன்பே சொல்லிவிட்டவர்.

சரி, தலையெழுத்து என்று வீட்டுக்கு வந்து பொத்தானைக் கற்றுக்கொண்டேன். ஓர் ஆதாரத்துக்கு ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, வெளியீடு என்று கட்டங்கள் இருக்கும். ஒரு தடவை நிரப்பிவிட்டால் போதும். வேண்டிய இடத்திலெல்லாம் செருகிக்கொள்ளலாம். துணைநூற்பட்டியலையும் அதுவே அகரவரிசையில் அடுக்கிவிடும். ஆதாரத்தில் ஒரு திருத்தம் செய்து புதுப்பித்தால், ஆய்வேடு முழுக்க அது மாறிவிடும். மென்பொருளை நான் குறை சொல்லமாட்டேன். அது பாவம், கேட்டதைக் கேட்ட இடத்தில் போடுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆடினார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன்.

இரண்டாம் முறை போனபோது எல்லாம் சாம்பல் வந்தது. ஆனால் அன்று காலைதான் புதுச் சுற்றறிக்கை வந்திருந்தது. துணைநூற்பட்டியலில் ஆண்டு இனி பெயருக்குப் பக்கத்தில் வரக்கூடாது, வரியின் கடைசியில்தான் வர வேண்டும். சொற்செயலியில் இதற்கு மேலே ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் வேறு பாணியைத் தேர்ந்தால் எல்லாம் தானாக இடம் மாறிவிடும். அதைச் சாம்பல்காரரிடம் சொன்னேன். ஒரு நொடி வேலை சார், இங்கேயே மாற்றிவிடலாமே என்று கெஞ்சினேன்.

“ஒரு நொடி வேலைய நாங்க ஒரு நொடியில பண்ணிட்டா, அப்புறம் எங்களுக்கு இங்க என்னம்மா வேலை?” என்றார். நியாயமான கேள்விதான். பதில் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. புதிதாக அச்செடுத்து, புதிதாகக் கட்டணம் கட்டி, புதிதாக வரிசையில் நின்றேன்.

மூன்றாம் முறை அவர் கட்டங்களைத் திறந்து பார்த்தார். அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஆசிரியர் பெயருக்குக் குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம். கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்பது பிரிவின் சட்டம்.

“சித்தப்பான்னு போட்டிருக்கீங்க. யாரோட சித்தப்பா?”

“எல்லாருக்கும்தான் சார்.”

“குடும்பப் பெயர்?”

இல்லை என்றேன். அவர் திருடர் சார், பெயர் வெளியே வந்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று விளக்கினேன். திருடனுக்கும் விலாசம் இருக்கும் இல்லையா என்று கேட்டார். கண்ணாடி அக்காவுக்கு அக்கா என்பது குடும்பப் பெயரா, கண்ணாடி குடும்பப் பெயரா என்று பக்கத்து மேசைக்காரரோடு அரை மணி நேரம் விவாதித்தார். முடிவில், எல்லோருடைய நிஜப் பெயரையும் முகவரியையும் கொண்டுவரும்படி எழுதிக் கொடுத்துவிட்டார்.

நெறியாளரிடம் ஓடினேன். அவர் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர். வாய்க்கு வந்த பெயரைப் போட்டுத் தொலையேன் அம்மா என்றார். வாய்க்கு வருகிற பெயரில் ஊரில் யாராவது இருப்பார்களே ஐயா, அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் எழுந்து வரும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

வேறு வழியில்லாமல் பிரிவின் இயக்குநரையே பார்க்கப் போனேன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எழுதியது ஒரே ஒரு புத்தகம். ஆய்வேட்டு வடிவமைப்புக் கையேடு. எந்த ஆய்வேடானாலும் அந்தக் கையேட்டை மேற்கோள் காட்டியே ஆக வேண்டும் என்பது விதி. நெல் பற்றி எழுதினாலும் நட்சத்திரம் பற்றி எழுதினாலும் துணைநூற்பட்டியலில் அவர் இருப்பார். ஆசிரியர் கட்டத்தில் பெயரைப் போடக்கூடாது, இயக்குநர் என்று பதவியைத்தான் போட வேண்டும். சாகும்வரை தான் ஒருவர்தான் இயக்குநர் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. இப்படியே பல்கலைக்கழகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படும் அறிஞர் ஆகிவிட்டார். அவர் அறைச் சுவரில் ஒரு மின்பலகை. அதில் அவருடைய மேற்கோள் எண்ணிக்கை சிவப்பு எழுத்தில் ஓடும். பேசும்போது கண் என்னிடமும் மனசு பலகையிலும் இருந்தது.

என் பிரச்சினையைச் சொன்னேன். கதையைக் கேட்டு உருகுவார் என்றெல்லாம் நினைக்கவில்லை. காது கொடுத்துக் கேட்பார் என்று நினைத்தேன்.

“திருடன் சொல்றத எழுதறதுக்குப் பேரு ஆராய்ச்சியா? சரி, அது எனக்கு எதுக்கு. பட்டியல என்கிட்ட குடுத்துடுங்க, நான் போலீசுக்கு அனுப்பறேன். அவங்களே பேரு, அப்பா பேரு, விலாசம் எல்லாம் கண்டுபிடிச்சு எழுதிக் குடுத்துடுவாங்க. உங்க கட்டமும் நிரம்பிடும்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டு சொன்னார். ஒரு கட்டம் நிரம்புவதற்காக ஒரு கூட்டத்தையே உள்ளே தள்ளத் தயாராக இருந்தார். அடுத்த திங்கட்கிழமைவரை அவகாசம், இல்லாவிட்டால் ஆய்வேடு ரத்து என்றும் சேர்த்துக்கொண்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுகை முடிந்தபோது கோபம் மட்டும் மிச்சமிருந்தது. இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று அந்தப் படிக்கட்டில்தான் முடிவு செய்தேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

வழியை அவரே காட்டிக் கொடுத்தார். அந்த வாரம் மேற்கோள் ஒழுக்கம் என்று ஒரு பயிலரங்கு. வராதவர்களின் ஆய்வேடு நகராது என்பதால் அரங்கு நிரம்பி வழிந்தது. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“இருபது வருஷமா இந்தப் பிரிவுல இருக்கேன். இதுவரைக்கும் ஒரு ஆய்வேட்டக்கூட நான் படிச்சதில்ல. படிச்சா பாரபட்சம் வந்துடும். இங்க சில பேர் பேரில்லாத ஆதாரத்த வெச்சுக்கிட்டு அலையறாங்க. பேரில்லாத ஆதாரம்னு ஒண்ணு என் காலத்துல கிடையாது. பேரு இல்லையா? சரிபார்த்த அதிகாரின்னு இயக்குநர் பேர்ல போடுங்க. எத்தனை இருந்தாலும் போடுங்க. நான் தாங்கிக்கிறேன்.”

கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த சாம்பல்காரர் எழுந்து நின்று தட்டினார். அவர்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது: பலகையில் எண்ணிக்கை எகிற ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார். அடுத்த மாதம் ஏதோ விருது அறிவிக்கப் போகிறார்கள் என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். எந்த ஆதாரமாக இருந்தாலுமா ஐயா, ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொன்ன பேச்சாக இருந்தாலும் உங்கள் பேரிலேயே போடலாமா என்று தெளிவாக, நிறுத்தி, கேட்டேன். எதுவாக இருந்தாலும் என்றார். எழுத்தில் கிடைக்குமா என்றேன். மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது, பச்சை மையில் கையொப்பத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். சித்தப்பாவின் ஆதாரத்தைத் திறந்தேன். ஆசிரியர் கட்டத்தில் இருந்ததை அழித்தேன். இயக்குநர் என்று போட்டேன். பிளேடு, இயக்குநர். கண்ணாடி அக்கா, இயக்குநர். மூணாம் நம்பரும் இயக்குநர். துணி மடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“வேண்டாம்டி. அவரு நான் சொல்லவே இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் ஆய்வேடே பொய்னு ஆயிடும். வேலை போயிடும்.”

“போற வேலை எப்படியும் போகுது. அவங்களையாவது காப்பாத்துறேன்” என்றேன். காப்பாற்றுவதற்காக மட்டும்தானா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

புதுப்பி என்ற பொத்தானை அழுத்தினேன். அடடா, என்ன சுகம்! பக்கம் பக்கமாக, கண்ணுக்கு முன்னால், ஆய்வேடு முழுக்க மாறியது. “ஜன்னலோரம் உக்காந்து தூங்குறவன் பை நமக்குச் சொந்தப் பை மாதிரி (இயக்குநர், 2017).” “சம்பள நாள்ல நான் லீவு எடுக்கறதே இல்ல (இயக்குநர், 2018).” ஒவ்வொன்றின்மேலும் சொடுக்கிப் பார்த்தேன். சாம்பல் வந்தது.

சாம்பல்காரர் முழு ஆய்வேட்டையும் சொடுக்கி முடித்து, இந்த மாதிரி சுத்தமான வேலையைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். இயக்குநரிடம் தானே எடுத்துக்கொண்டு போனார். துணைநூற்பட்டியலில் இயக்குநர், இயக்குநர் என்று பக்கம் நிறைய இறங்கி வருவதைப் பார்த்து இயக்குநர் எனக்கு டீ வரவழைத்தார். நன்றாகப் படிக்கிற பெண் என்று சாம்பல்காரரிடம் சொன்னார். இந்த ஆய்வேட்டில் இனி ஓர் எழுத்துகூட யாரும் மாற்றக்கூடாது என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். வாய்மொழித் தேர்வுக்குத் தானே சிறப்பு விருந்தினராக வருவதாகவும் சொன்னார். நான் டீயை முழுசாகக் குடித்தேன்.

வாய்மொழித் தேர்வு நடந்த கருத்தரங்கக் கூடத்தில் துணைவேந்தர் முன்வரிசையில் இருந்தார். என் கல்லூரி முதல்வர் மச்சினியோடு வந்திருந்தார். என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியை, மெலிந்த அம்மாள். ஆய்வேட்டின் ஓரமெல்லாம் துண்டுத் துண்டாகத் தாள் செருகி வைத்திருந்தார். அந்தக் கூடத்தில் ஆய்வேட்டைப் படித்துவிட்டு வந்த ஒரே ஆள் அவர்தான்.

இயக்குநர் முதலில் பேசினார். இந்த ஆய்வேட்டில் அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவன் நான், இதற்கு முதுகெலும்பே நான்தான் என்று சொன்னால் மிகையாகாது என்றார். உட்கார்ந்தார். பேராசிரியை முதல் தாளைப் பிரித்தார்.

“‘முதல் பர்ஸ எடுத்தப்ப எனக்கு வயசு பன்னெண்டு. கை நடுங்கவே இல்ல. நமக்கு இதுதான் தொழில்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.’ அடைப்புக்குறியில இயக்குநர்னு இருக்கு. பட்டியல்லயும் தேடிப் பாத்துட்டேன், வேற இயக்குநர் யாருமில்ல. இது நீங்க சொன்னதுதானே?”

இயக்குநர் என்னைப் பார்த்தார். அப்புறம் சாம்பல்காரரைப் பார்த்தார். சாம்பல்காரர் எழுந்து, எல்லாமே வந்துது சார் என்றார்.

பேராசிரியை நிதானமாகத்தான் பேசினார். “அவசரமில்ல. சொல்லலைன்னா சொல்லலைன்னு சொல்லிடுங்க. அப்படின்னா இந்த மேற்கோள் எல்லாம் பொய். இந்தப் பொண்ணுக்குப் பட்டம் கிடையாது. பொய்க்குச் சான்று குடுத்த பிரிவப் பத்தியும் நான் எழுதணும். நீங்க சான்று குடுத்த எல்லா ஆய்வேட்டையும் திரும்பப் பிரிச்சுப் பாக்கச் சொல்லணும்.”

முதல்வரின் மச்சினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இல்லை என்ற ஒரு சொல்லில் என் கதை முடிந்துவிடும். அந்தச் சொல் அவர் உதட்டு நுனிவரை வந்ததை நான் பார்த்தேன். அதே நேரம் அவர் கண் மேலே, சுவரில், இல்லாத ஒரு பலகையைத் தேடியது. விருது, சுற்றறிக்கை, பச்சை மை, இருபது வருடம் படிக்காமல் போட்ட கையெழுத்துகள் எல்லாம் அந்த முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. முழுங்கினார்.

“நான் சொன்னதுதான்.”

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. பின்னால கேக்காது.”

“நான் சொன்னதுதான்” என்றார் இயக்குநர்.

பேராசிரியை விடவில்லை. நான் செய்திருந்த வேலை அவருக்குப் புரிந்துவிட்டதோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம். அடுத்த தாளைப் பிரித்தார். கூட்டத்தில் குழந்தையைக் கிள்ளி அழவைத்தால் எல்லோர் கண்ணும் அங்கே போய்விடும் என்று இருக்கிறதே, இதுவுமா? இயக்குநர் ஆமாம் என்றார். கல்யாணத்துக்குப் போகிற கும்பலில் மொய்க் கவர் எந்தப் பையில் இருக்கும் என்று மூக்காலேயே கண்டுபிடிப்பேன் என்கிறீர்களே? ஆமாம் என்றார். துணைவேந்தரின் கை மெல்லத் தன் சட்டைப் பைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. பேராசிரியை கடைசித் தாள்வரை ஒன்றைக்கூட விடாமல் கேட்டார். ஒவ்வொன்றையும் இயக்குநர் ஒப்புக்கொண்டார். ஆதாரம் இவ்வளவு உறுதியாக உள்ள ஆய்வேட்டைத் தான் பார்த்ததில்லை என்று எழுதி, பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டார் பேராசிரியை.

எனக்கு வேலை நிரந்தரமானது. மச்சினி வேறு மேசை தேடிப் போனாள். சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது வெகுநேரம் சிரித்தார். பிறகு கொஞ்சம் மனத்தாங்கலோடு, அந்த ஆளுக்கு விரல் எப்படிம்மா, நீளமா இருக்குமா என்று கேட்டார்.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒரே ஒரு திருத்தம், அந்தக் கட்டத்தில் வேறு ஏதாவது போட்டுப் புதுப்பித்துவிடலாமே, ஒரு நொடி வேலைதானே என்றார். குரல் உடைந்திருந்தது. முத்திரை குத்திய ஆய்வேட்டில் யாரும் கை வைக்கக்கூடாது ஐயா, நீங்களே எழுதியிருக்கிறீர்கள் என்றேன். சுற்றறிக்கையை ரத்து செய்யலாம். ஆனால் அதோடு பலகையில் பாதி எண்ணிக்கை உதிர்ந்துவிடும். அவர் ரத்து செய்யவில்லை. விருதும் வாங்கினார். குற்றவியல் துறையில் இப்போது யார் எழுதினாலும் ஜேப்படி என்று வந்தால் அவரைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். போலீஸ் பயிற்சிப் பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள்; பேசி முடித்ததும் கைரேகையை எடுத்துக்கொண்டு அனுப்பினார்களாம்.

போன வாரம் லிப்டில் அவரைப் பார்த்தேன். பரிசு பெற்ற அறிஞர், வெள்ளைச் சட்டை, மூலையில் நின்றிருந்தார். கூட இருந்த தட்டச்சுப் பெண்கள் இரண்டு பேரும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வாழ்நாளில் ஒரு குண்டூசியைக்கூட எடுத்ததில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் நான்தான். அவருக்கும் அது தெரியும். அதனால்தான் என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் அப்படி ஓர் ஏக்கம் வந்தது. வணக்கம் சொன்னேன். பிறகு என் பையின் ஜிப்பை நிதானமாக இழுத்து மூடி, அவர் பக்கத்துத் தோளிலிருந்து எடுத்து அடுத்த தோளில் மாட்டிக்கொண்டேன்.